செங்கற்பட்டில் பிறந்த கடற்படைத் தலைவர்
வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி

மண்ணை ஆண்டவர்களின் வரலாறு நமக்கு நிறையக் கிடைக்கிறது. கடலைக் காத்தவர்களின் வரலாறோ மிகச் சிலவே எழுதப்பட்டுள்ளன. மண்ணில் நடந்த போருக்குக் கோட்டையும் நடுகல்லும் சான்றாக நிற்கும். கடலில் கப்பல் சென்ற தடம் சென்ற மறுகணமே அழிந்துவிடும். அதனாலோ என்னவோ, கடலில் வாழ்நாளைக் கழித்த பெருமக்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறக்கப்பட்டவர்களுள் ஒருவர், விடுதலை பெற்ற இந்தியாவின் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி ஆவார்.

அவரை நினைவுகூரும் கடமை நம் பகுதியினர்க்குச் சிறப்பாக உண்டு. கட்டாரி பிறந்த ஊர் செங்கற்பட்டு. அவர் பிறந்த காலத்தில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்கள் அந்தச் செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. திருவள்ளூர் மாவட்டம் தனியே பிரிந்தது 1997-இல் தான். ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வழியே எண்ணூர் வரை வாழும் நாம், ஒருவகையில் அவருடைய பழைய மாவட்டத்தார் எனலாம். நமக்குக் கடலும் புதிதன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கெல்திரியாக் கோட்டையை 1613-இல் எழுப்புவதற்கு முன்பே அத்துறைமுகத்திலிருந்து துணிப்பொதிகள் கீழைத்தேயங்களுக்குச் சென்றுகொண்டிருந்தன. மரக்காயர் குடும்பங்கள் மரக்கலம் செலுத்தி வாணிபம் செய்த கரை இது. ஆயினும் அந்நிய ஆட்சியில் நம்மவர் கடலோடிகளாக இருந்தார்களேயன்றிக் கப்பலுக்குத் தலைவர்களாக உயர முடியவில்லை. அந்த நிலை எப்படி மாறியது என்பதற்குக் கட்டாரியின் வாழ்க்கையே விளக்கமாகும்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

கட்டாரி 1911-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் பிறந்தார். இளமைப் பருவத்தை நிஜாம் ஆட்சியிலிருந்த ஐதராபாத்தில் கழித்தார். செகந்திராபாத் மஹபூப் கல்லூரி உயர்நிலைப் பள்ளி அவருக்குக் கல்வி தந்தது. அப்பள்ளியைத் தோற்றுவித்தவர் சோமசுந்தரம் முதலியார் என்னும் தமிழர். அது தாங்கிய பெயரோ ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலிகானுடையது. தமிழர் ஒருவர் நிறுவி, முஸ்லிம் மன்னர் ஒருவரின் பெயரைத் தாங்கி, பல மொழிகளும் பல சமயங்களும் கலந்து வாழ்ந்த நகரில் நடைபெற்ற பள்ளி அது. அங்கே பயின்ற ஒருவர், பின்னாளில் எல்லா மாநிலத்தவரும் எல்லாச் சமயத்தவரும் ஒரே தளத்தில் உண்டு உறங்கும் கப்பல்களுக்குத் தலைவரானது பொருத்தமே.

அப்பள்ளிக்கும் கடலுக்கும் நெடுந்தொலைவு. தக்காண மேட்டு நிலத்தில் வளர்ந்த சிறுவனைக் கடலை நோக்கி அழைத்தது, அந்நாளில் புதிதாய்த் திறக்கப்பட்ட ஒரு வாயில்.

டஃபரின் பயிற்சிக் கப்பல்

இந்திய இளைஞர்க்குக் கப்பல் அதிகாரிகளாகும் பயிற்சி அளிக்க நம் நாட்டில் முன்பு எந்த ஏற்பாடும் இருந்ததில்லை. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது நேர்ந்த இடர்களை நாடறியும். கப்பலை விலைக்கு வாங்கலாம். அதைச் செலுத்தும் அதிகாரிகளை எங்கே தேடுவது? 1922-இல் மத்திய சட்டசபையில் இந்திய வணிகக் கப்பல்துறையை வளர்க்க வேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவந்தவர் நம் தமிழகத்துப் பேரறிஞர் பி.எஸ்.சிவசாமி ஐயர். அதன் பயனாக ஒரு குழு அமைந்தது. அக்குழுவின் பரிந்துரைப்படி, படைவீரர்களை ஏற்றிச் சென்ற பழைய கப்பலாகிய டஃபரின் 1927-இல் பம்பாய்த் துறைமுகத்தில் பயிற்சிக் கப்பலாக நிறுத்தப்பட்டது.

அதன் முதல் அணியில் சேர்ந்தவர்களுள் ஒருவர் பதினாறு வயதுக் கட்டாரி. இன்று மகன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்றால் பெற்றோர்க்குப் பெருமை. அன்றோ, கடல் கடத்தலே குற்றமென நினைத்த குடும்பங்கள் பல இருந்தன. கடலுக்குப் போன பிள்ளை திரும்பி வருவானா என்று தாய்மார் கலங்கிய காலம் அது. முன்னே சென்றவர் எவருமில்லாத வழியில் பிள்ளையை அனுப்புவது பெற்றோரின் துணிவு; அவ்வழியில் நடப்பது பிள்ளையின் துணிவு. முதல் அணி மாணவர்க்கு வழிகாட்ட முந்தைய அணியினர் இல்லை. பயிற்சி முடிந்தபின் வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பின்வந்த ஆயிரக்கணக்கான இந்தியக் கப்பல் அதிகாரிகளுக்கு அவர்களே முன்னோடிகளாயினர்.

ஹூக்ளி நதியின் ஆழம்

பயிற்சி முடித்த கட்டாரிக்கு உடனே போர்க்கப்பலின் தளம் கிடைத்துவிடவில்லை. கல்கத்தாத் துறைமுக நிர்வாகத்தின்கீழ் ஹூக்ளி நதியின் நிலஅளவைப் பிரிவில் அவர் பணியேற்றார். கல்கத்தாத் துறைமுகம் கடலோரத்தில் அமைந்ததன்று. கடலிலிருந்து நெடுந்தொலைவு ஆற்றின் வழியே உள்ளே செல்ல வேண்டும். கங்கையின் கிளையாகிய ஹூக்ளி, நாள்தோறும் வண்டலைச் சுமந்து வந்து படியவிடும். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று மணல்மேடு எழும். அங்கே தரைதட்டிய கப்பலை நீரோட்டமும் அலையேற்றமும் சேர்ந்து கவிழ்த்துவிடுவதுண்டு. ஆகவே ஆற்றின் ஆழத்தை இடைவிடாமல் அளந்து, வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். அளந்தவரின் கணக்கை நம்பித்தான் பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பலை மீகாமன் உள்ளே செலுத்துவார்.

இப்பணியில் புகழ் இல்லை. ஒரு கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தால் அளந்தவரை எவரும் பாராட்டுவதில்லை. தரைதட்டினால் மட்டுமே அவரைத் தேடுவார்கள். இந்திய இளைஞர்க்குக் கடற்படையின் உயர்வாயில் ஏறக்குறைய அடைபட்டிருந்த காலத்தில், திறமையும் பயிற்சியும் உடைய ஓர் இளைஞர் ஆற்றுச் சேற்றை அளந்துகொண்டு ஆண்டுகளைக் கழித்தார். அவை வீணாய்க் கழிந்த ஆண்டுகளாக அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். பின்னாளை நோக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தைக் கணித்தறிந்து பிறர் உயிர்க்குப் பொறுப்பேற்கும் பயிற்சியே அவ்வாண்டுகளில் அவருக்கு வாய்த்தது எனலாம்.

உலகப் போரும் கடற்படையும்

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ராயல் இந்தியக் கடற்படை அப்போது மிகச் சிறியது. இந்தியக் கரையைச் சுற்றிவரப் போதுமான சில கப்பல்களே அதனிடம் இருந்தன. போரின் தேவை அதன் வாயிலை அகலத் திறந்தது. ஒரு தன்னார்வத் துணைப்படை அமைக்கப்பட்டது. கட்டாரி அதில் அதிகாரியாகச் சேர்ந்தார். நிரந்தரப் படையின் அதிகாரிகளுக்கு இருந்த மதிப்பு துணைப்படை அதிகாரிகளுக்கு இருக்கவில்லை. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்பதே அவர்களைப் பற்றிய பொதுக்கருத்து.

நீர்மூழ்கிக் கப்பல்களை எதிர்த்துப் போரிடும் துறையில் கட்டாரி தேர்ச்சி பெற்றார். ஒலியலைகளை நீருக்குள் செலுத்தி, அவை திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு மறைந்திருக்கும் பகைக்கலத்தின் இடத்தைக் கணிப்பது அத்துறையின் அடிப்படை. ஹூக்ளியில் ஆழம் அளந்தவர்க்கு இது முற்றிலும் புதிய கலையன்று. போர்க்காலத்தில் அட்லாண்டிக் மாகடலிலும் இந்துமாக்கடலிலும் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் துணைப்படையினர் பெரும்பாலோர் விடைபெற்றுச் செல்ல, கட்டாரி நிரந்தரப் படையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

எழுச்சியும் பிரிவினையும்

அடுத்த இரண்டு ஆண்டுகள் இந்தியக் கடற்படையின் வரலாற்றில் மிகக் கடுமையானவை. 1946 பிப்ரவரி 18-ஆம் நாள் பம்பாயில் தல்வார் என்னும் கடற்படைத் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தனர். கெட்டுப்போன உணவும், குறைந்த ஊதியமும், நிறவெறி கொண்ட அதிகாரிகளின் வசைமொழியும் அவர்களைப் பொங்கியெழச் செய்தன. ஒரு வாரத்துக்குள் கராச்சி முதல் கல்கத்தா வரை பல கப்பல்களும் தளங்களும் அவ்வெழுச்சியில் சேர்ந்தன. இந்து, முஸ்லிம், சீக்கிய மாலுமிகள் தோளோடு தோள் நின்ற நாட்கள் அவை. காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்களின் அறிவுரையை ஏற்று அவர்கள் பணிந்தபோதிலும், ஓர் உண்மை வெளிப்பட்டுவிட்டது. தன்னைத் தன்னவராகக் கருதாத தலைமையின்கீழ் எந்தப் படையும் நெடுநாள் நிற்காது என்பதே அது.

அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. கப்பல்கள் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமாகப் பங்கிடப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கே சென்றது. ஒரே கப்பலில் ஒன்றாய்ப் போரிட்ட நண்பர்கள் இரு கொடிகளின்கீழ் நின்றனர். எஞ்சிய படையைக் கட்டியெழுப்பும் பொறுப்பு, அனுபவம் குறைந்த இளம் இந்திய அதிகாரிகளின் தோளில் விழுந்தது.

தலைமை வந்த வழி

தரைப்படைக்கு 1949 ஜனவரி 15-இல் கரியப்பா தலைமையேற்றார். வான்படைக்கு 1954 ஏப்ரல் 1-இல் சுப்ரதோ முகர்ஜி தலைவரானார். கடற்படையோ விடுதலைக்குப் பின்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஹால், பாரி, பிஸ்ஸி, கார்லில் என்னும் நான்கு ஆங்கிலேயத் தளபதிகளின் கீழேயே இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. போர்க்கப்பல் தொகுதி ஒன்றை நடத்தும் அனுபவம் ஓரிரு ஆண்டில் வருவதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த அனுபவம் இந்தியர்க்கு வேண்டுமென்றே மறுக்கப்பட்டிருந்தது. மறுத்தவர்களே பின்பு அனுபவமில்லை என்று சுட்டிக்காட்டியது வரலாற்றின் முரண்.

இந்தச் சொல்லுக்கு மறுமொழி பேச்சினால் கூறத்தக்கதன்று, செயலால் காட்டத்தக்கது. கடற்படைத் துணைத் தலைவர் பொறுப்பு கட்டாரிக்கு வந்தது. 1956 அக்டோபர் 2-ஆம் நாள் இந்தியக் கப்பல் தொகுதிக்குத் தலைமை தாங்கும் கொடித்தளபதியாக அவர் அமர்ந்தார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. கடலில் தொகுதியை நடத்திக் காட்டியபின், 1958 ஏப்ரல் 22-ஆம் நாள் வைஸ் அட்மிரல் கார்லிலிடமிருந்து கடற்படையின் தலைமையைப் பெற்றுக்கொண்டார். அன்றோடு இந்தியாவின் முப்படைகளுக்கும் இந்தியரே தலைவர்களாயினர். பிரிட்டனின் டார்ட்மவுத் கல்லூரியில் பயின்ற வழியினர் அல்லர். பரம்பரைப் படைக்குடியின் வழியினரும் அல்லர். பயிற்சிக் கப்பலில் தொடங்கி, ஆற்றை அளந்து, துணைப்படை வழியே வந்த ஒருவரே அப்பெருமையைப் பெற்றார்.

தந்தை நிலையில் நின்றவர்

கட்டாரி தலைமையேற்றபோது நம் கடற்படை நடை பழகும் குழந்தையின் பருவத்தில் இருந்தது. நான்கு ஆண்டுகளில் அது இளமைப் பருவத்தை எட்டியது. குக்ரி, தல்வார், பியாஸ், பெட்வா, திரிசூல் முதலிய புதிய போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. பிறநாட்டில் வாங்கிய கலங்களை மட்டுமே நம்பியிருக்கும் படை என்றும் கடன்பட்ட படையே. பம்பாய் மசகான் கப்பல் தளமும், கல்கத்தாக் கார்டன் ரீச் தளமும் 1960-இல் அரசுடைமையாயின. இன்று நம் நாட்டின் போர்க்கப்பல்கள் பல அவ்விரு தளங்களிலும் உருவாகின்றன.

1957-இலேயே வாங்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல், 1961 மார்ச் 4-ஆம் நாள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் விக்ராந்த் என்னும் பெயரோடு நம் படையில் சேர்ந்தது. விஜயலட்சுமி பண்டிட் அதனைப் பணியில் அமர்த்தினார். அவ்வாண்டு நவம்பர் 3-இல் பம்பாய் வந்தடைந்தபோது பிரதமர் நேரு வரவேற்றார். ஆசியாவில் அன்று வேறெந்தப் புதிய சுதந்திர நாட்டுக்கும் வாய்க்காத பெருமை அது. அக்கப்பலுக்கு வேண்டிய விமானிகளையும் பொறியாளர்களையும் உருவாக்கி, அதைத் தாங்கும் வலிமையைப் படைக்கு அளித்த காலம் கட்டாரியின் காலமே.

ஒரு மாதம் கழிந்து அப்படைக்கு முதல் பெருஞ்சோதனை வந்தது. 1961 டிசம்பரில் போர்த்துக்கீசியரிடமிருந்து கோவாவை மீட்கும் நடவடிக்கை நிகழ்ந்தது. மர்மகோவா துறைமுகத்தருகே பெட்வா, பியாஸ் முதலிய நம் கப்பல்கள் போர்த்துக்கீசியப் போர்க்கப்பலாகிய அஃபோன்சோ தெ அல்புகர்க்கை எதிர்த்துப் போரிட்டுச் செயலிழக்கச் செய்தன. அஞ்சதீவில் இறங்கிய நம் மாலுமிகளுள் எழுவர் உயிர் நீத்தனர். நான்கரை நூற்றாண்டுக்கு முன் நம் மேலைக்கரைக்குக் கடல் வழியே வந்த ஆதிக்கம் கடல் வழியேயும் வெளியேற்றப்பட்டது. கள்ளிக்கோட்டைக் குஞ்ஞாலி மரைக்காயர்கள் அவ்வாதிக்கத்தை எதிர்த்து வழிவழியாகப் போரிட்டு உயிர்நீத்ததை அறிந்தவர்க்கு, இந்நிகழ்ச்சியின் பொருள் நன்கு விளங்கும்.

வெற்றி பெற்ற ஆறு மாதத்துள், 1962 ஜூன் 4-ஆம் நாள், கட்டாரி பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பொறுப்பை பாஸ்கர் சோமனிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. நல்ல தந்தை பிள்ளையைத் தோளில் சுமப்பது, அவன் என்றும் தோளிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகவன்று. தரையில் இறங்கித் தானே நடக்க வேண்டும் என்பதற்காகவே. ஓர் இந்தியரிடமிருந்து மற்றோர் இந்தியர்க்குக் கடற்படைத் தலைமை கைமாறியது அதுவே முதல்முறை. தலைமையைப் பெற்ற நாளுக்கு உள்ள சிறப்பு, அதை விட்டுக்கொடுத்த நாளுக்கும் உண்டு.

கரைக்கு வந்த பின்

ஓய்வு அவருக்கு ஓய்வாக அமையவில்லை. ஆந்திரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். விமானந்தாங்கிக் கப்பலை ஆண்டவர் பேருந்துகளை நடத்த வந்தது சிலர்க்கு வியப்பாக இருந்திருக்கலாம். விடியற்காலையில் சந்தைக்குப் போகும் உழவனும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும் காத்திருக்கும் வண்டி நேரத்துக்கு வர வேண்டும் என்பது கப்பலின் ஒழுங்குக்குச் சற்றும் குறையாத கடமையே.

1964-இல் அவர் பர்மாவுக்கான இந்தியத் தூதரானார். 1969 வரை அப்பதவியில் இருந்தார். அவ்வாண்டுகள் தமிழர் வரலாற்றில் கண்ணீரால் எழுதப்பட்டவை. 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின் அரசு, 1964 மார்ச்சில் கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவித்தது. மூன்று தலைமுறையாக ரங்கூனிலும் மோல்மேனிலும் வாழ்ந்த செட்டியார்கள், முஸ்லிம் வணிகர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், வயல் வேலைக்குச் சென்ற ஏழைகள் எனப் பலரும் ஒரே நாளில் வறியவராயினர். கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்டதோ மிகச் சிறிதளவே. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பல் கப்பலாகத் தாயகம் திரும்பினர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அவர்களுள் பலர் நம் பகுதிகளிலும் குடியேறினர். சென்னைக் கடற்கரைச் சாலையில் 1969-இல் தோன்றிய பர்மா பஜார் அவர்களது உழைப்பின் அடையாளம்.

அந்நாட்களில் ரங்கூனில் இந்தியாவின் முகமாக இருந்தவர் கட்டாரி. கடற்படைத் தலைவராக இருந்தபோது அவர் கண்ட கப்பல்கள் பீரங்கிகளைச் சுமந்தவை. தூதராக இருந்தபோது கண்ட கப்பல்கள் மூட்டையும் முடிச்சுமாகக் குடும்பங்களைச் சுமந்தவை. ஒரு நாட்டின் வலிமை எத்தனை போர்க்கப்பல் வைத்திருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. கடல் கடந்து கைவிடப்பட்ட தன் மக்களுக்குத் திரும்பி வர ஒரு கரை உண்டு என்று காட்டுவதிலும் இருக்கிறது. இவ்விரண்டு பொறுப்புகளும் ஒரே மனிதர் வாழ்வில் அடுத்தடுத்து அமைந்தன.

நிறைவு

தம் கடல் வாழ்க்கையைப் பற்றிய நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1982-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1983 ஜனவரி 21-ஆம் நாள், தாம் பள்ளியில் பயின்ற செகந்திராபாத்திலேயே இயற்கை எய்தினார். கொச்சி வில்லிங்டன் தீவில் கடற்படைக் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு இன்றும் கட்டாரி பாக் என அவர் பெயரால் வழங்குகிறது. போர்க்கப்பலுக்குச் சூட்டாமல், மாலுமிகளின் மனைவி மக்கள் வாழும் வீடுகளின் தொகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியது மிகப் பொருத்தமே. தந்தையர் கடலில் இருக்கும்போது பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றில் கருத வேண்டியது ஒன்றுண்டு. பதவி வருமுன் நாம் செய்யும் சிறு பணிதான் பதவி வந்தபின் நம்மைத் தாங்கி நிற்கும். எவரும் பாராத ஆற்றின் ஆழத்தைக் குறையாமல் அளந்தவர்க்கே நாட்டின் கப்பல்களை ஒப்படைக்க முடிந்தது. பெற்றோர்க்கும் இதில் ஒன்றுண்டு. முன்மாதிரி இல்லாத வழியில் செல்ல விரும்பும் பிள்ளையை அச்சத்தால் தடுத்துவிடலாகாது.

இன்று பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் இயங்குகிறது. கடலோரக் காவல்படைக்கான ரோந்துக் கப்பல்கள் அங்கே உருவாகியுள்ளன. ஆரம்பாக்கத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வேலை தேடிப் புறப்படும் இளைஞர்க்குக் கடல் இன்று அந்நியமான இடமன்று. செங்கற்பட்டில் பிறந்த ஒருவர், மூடியிருந்த வாயிலைத் திறந்துவைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். அவ்வாயிலின் வழியே செல்வது இனி நம் பிள்ளைகளின் பொறுப்பு. அவர்களை வழியனுப்பி வைப்பது நம் பொறுப்பு.